எண்ணப்படுவனவும் எண்ணப்படாதனவும்: சேவையகப் பிரயோகங்களின் தொலைநிலைக் கணக்கெடுப்புப் பற்றிய ஒரு நோக்கு

1

கணக்கெடுத்தல் வெறுமனே எண்ணும் தொழிலன்று. எதனை எண்ணுவது, எதனை எண்ணாது விடுவது, எண்ணிப் பெற்ற பதிவேடு யார் கையிற் சேர்வது என்னும் வினாக்கள் எக்கணக்கெடுப்பிலும் உள்ளடங்கியுள்ளன. 1086ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மேற்கொள்ளப்பட்ட டூம்ஸ்டேக் கணக்கெடுப்பு நிலத்தையும் கலப்பைகளையும் ஆலைகளையும் குடிகளையும் ஊர் ஊராகப் பதிந்தது. வரி பெறவும் உடைமையை உறுதிப்படுத்தவும் அரசனுக்கு வேண்டியவை அதில் இடம்பெற்றன. எந்த வயல் எந்த மழைக்கு நீர் தேங்கி நிற்கும் என உழுதவன் அறிந்திருந்தது அதில் இடம்பெறவில்லை. அவ்வறிவின்றி நிலம் விளையாதெனினும், அது அரசனுடைய பதிவேட்டின் அக்கறைக்கு உரியதாக இருக்கவில்லை.

இத்தகைய கணக்கெடுப்பொன்று இன்று கணினித் துறையிற் பரவலாக நிகழ்ந்து வருகின்றது. நிறுவனங்கள் தம்மிடமுள்ள பழைய சேவையகங்களில் இயங்கும் பிரயோக மென்பொருள்களை ‘கொள்கலன்’ எனப்படும் புதிய வடிவத்திற்கு மாற்ற முற்படுகின்றன. அதற்கு முன்னோடியாக, சேவையகங்களுக்கு அருகே செல்லாது, வலையமைப்பின் வழியாகவே அவற்றுட் புகுந்து, அங்கு இயங்குவன யாவை எனப் பட்டியலிடுகின்றன. இச்செய்கையையே நாம் இங்கு தொலைநிலைக் கணக்கெடுப்பு என்கின்றோம்.

இலக்கிய ஆய்வாளருக்கு இதில் என்ன அக்கறை எனச் சிலர் வினவக்கூடும். இன்று நூலகப் பட்டியல்களும் சுவடிக் காப்பகங்களின் எண்ணிமப் பிரதிகளும் பரீட்சைப் பெறுபேறுகளும் மருத்துவமனைப் பதிவுகளும் இச்சேவையகங்களிலேயே வாழ்கின்றன. அவை இடம் மாறும்போது எது கூட வருகின்றது, எது வழியிற் கைவிடப்படுகின்றது என்பது தொழில்நுட்பவியலாளரின் கவலை மட்டுமன்று. மேலும், உழைப்பு எவ்வாறு ஒரு பொருளினுள் மறைந்து கிடக்கின்றது என்னும் பழைய வினா இங்கு மிகத் தெளிவான வடிவமொன்றிற் காணக்கிடைக்கின்றது. அவ்விரு நோக்கிலும் இக்கணக்கெடுப்பின் இயல்பினை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

முதலிற் கொள்கலன் என்பது யாதெனக் காண்போம். சொல் துறைமுகத்திலிருந்து வந்தது. 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆந் திகதி மல்கம் மக்லீன் என்னும் பாரவூர்தி உடைமையாளரின் ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பல் 58 இரும்புப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அமெரிக்காவின் நியூவாக்கிலிருந்து ஹூஸ்ரனுக்குப் புறப்பட்டது. அதுவரை மூடையாகவும் பீப்பாவாகவும் ஒவ்வொன்றாகத் தூக்கி ஏற்றப்பட்ட பொருள்கள் அதன்பின் ஒரே அளவான பெட்டிகளுள் அடங்கலாயின. பாரந்தூக்கிக்குப் பெட்டிக்குள் இருப்பது தேயிலையா இயந்திரமா என்ற வேறுபாடு தேவையற்றதாயிற்று. துறைமுகத் தொழிலாளரின் தேவையும் குறைந்தது. 1960இல் அமெரிக்க மேற்குக் கரையின் துறைமுகத் தொழிற்சங்கம் இயந்திரமயமாக்கலை ஏற்று, அதற்கீடாக ஊதிய உத்தரவாதத்தையும் ஓய்வூதிய நலன்களையும் பெறும் உடன்படிக்கை ஒன்றினைச் செய்துகொள்ள நேர்ந்தது. கொள்கலன் என்னும் சொல்லுக்குப் பின்னால் இவ்வரலாறும் உண்டென்பதை மறத்தலாகாது.

கணினித் துறையில் இச்சொல் உருவகமாகவே வழங்குகின்றது. ஒரு பிரயோகம் தனித்து இயங்குவதில்லை. அது எழுதப்பட்ட மொழிக்குரிய இயக்கச் சூழல், துணை நூலகங்கள், அமைவுக் கோப்புகள் எனப் பலவற்றில் அது தங்கியுள்ளது. ஒரே சேவையகத்திற் பல பிரயோகங்கள் இயங்கும்போது ஒன்றுக்கு வேண்டிய பதிப்பு மற்றையதற்கு ஒவ்வாது போதலும் உண்டு. பிரயோகத்தையும் அதற்கு வேண்டியவற்றையும் ஒரே பொதியாகக் கட்டி, ஏனையவற்றினின்றும் வேலியிட்டுப் பிரித்து, எக்கணினியிலும் ஒரே வகையில் இயங்கச் செய்தலே கொள்கலனாக்கம். மெய்நிகர் கணினி முழுப் பணிசெயல் முறைமை ஒன்றினைத் தன்னுட் சுமப்பது. கொள்கலனோ அம்முறைமையின் கருவான கேர்னலைத் தன்னைத் தாங்கும் கணினியுடன் பகிர்ந்துகொள்வது. எனவே இது பாரங் குறைந்தது, விரைவில் எழுவது.

இதுவும் ஒரே நாளிற் தோன்றியதன்று. 1979இல் வெளியான யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே ஒரு செயன்முறைக்குக் கோப்புத் தொகுதியின் ஒரு பகுதியை மட்டுங் காட்டும் வசதி இருந்தது. 2000ஆம் ஆண்டில் பிறீ பி.எஸ்.டி. முறைமை ‘சிறைகள்’ என்ற பெயரில் அதனை வளர்த்தது. 2008இல் லினக்ஸ் கேர்னல், செயன்முறைக் குழுக்களுக்கு வளங்களை அளந்து வழங்கும் ஏற்பாட்டைத் தன்னுட் சேர்த்துக்கொண்டது. 2013இல் டொக்கர் வெளியாகி இவற்றையெல்லாம் எளிதிற் கையாளத்தக்க கருவியாக்கியது. 2014இல் கூகிள் அறிவித்த குபர்னெற்றிஸ் ஆயிரக்கணக்கான கொள்கலன்களை ஒருங்கே நடத்தும் வழியைத் தந்தது. தனிமனித மேதைமையின் விளைவாக அன்றி, முப்பதாண்டுகளுக்கு மேலான கூட்டுழைப்பின் திரட்சியாகவே இதனைக் கருதுதல் பொருந்தும்.

நிறுவனங்கள் இவ்வடிவத்தை நாடுவதற்குச் சிக்கனம் மட்டுங் காரணமன்று. பழைய பணிசெயல் முறைமைகளுக்கான ஆதரவு நின்றுபோவதும் ஒரு நெருக்குதலாகும். எடுத்துக்காட்டாக, உலகெங்கும் பல்கலைக்கழகங்களிலும் அலுவலகங்களிலும் பெருவழக்காயிருந்த சென்ற் ஓ.எஸ். 7இன் ஆதரவு 2024ஆம் ஆண்டு யூன் 30ஆந் திகதியுடன் முடிவுற்றது. அதன்பின் அதில் இயங்குவனவற்றுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைப்பதில்லை. இடம் பெயர்தல் விருப்பாக அன்றி நிர்ப்பந்தமாக வந்து சேர்கின்றது. நிர்ப்பந்தமாகப் பெயர்வோர் வீட்டில் உள்ளவற்றை ஆற அமர எண்ணிப் பார்ப்பதில்லை.

3

எண்ணாது பெயர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு 2021ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் சான்று பகரும். ஜாவா மொழியிலமைந்த பிரயோகங்கள் தம் நிகழ்வுகளைக் குறித்து வைக்கப் பயன்படுத்தும் லொக் 4 ஜே என்ற சிறு நூலகத்திற் கொடிய பாதுகாப்புக் குறையொன்று அப்போது வெளிப்பட்டது. திருத்தம் விரைவிலேயே வெளியிடப்பட்டது. ஆயின் அந்நூலகம் தம்மிடம் எங்கெங்கு உள்ளது என்பதே பல நிறுவனங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அது பிரயோகப் பொதிகளினுள், அவற்றுள் அடங்கிய பொதிகளினுள், மேலும் உள்ளே கிடந்தது. நோய்க்கு மருந்து கையிலிருந்தும் நோயாளியின் முகவரி தெரியாத நிலை அது. இருப்பதை அறிந்திருத்தல் எத்துணை அடிப்படையானது என்பதை அந்நிகழ்வு பலருக்கு உணர்த்திற்று.

இனி, தொலைநிலைக் கணக்கெடுப்பு நடைபெறும் முறையினை நோக்குவோம். 2020ஆம் ஆண்டில் அமேசன் நிறுவனம் வெளியிட்ட ‘அப் ரு கொண்டெயினர்’ என்னும் கருவியை மாதிரியாகக் கொள்ளலாம். லினக்ஸில் இயங்கும் ஜாவாப் பிரயோகங்களையும் விண்டோஸில் இயங்கும் டொற் நெற் பிரயோகங்களையும் கொள்கலன்களாக்குவதற்கென அது அமைக்கப்பட்டது. இத்தகைய கருவிகளின் ஆயுள் நீண்டதன்று. ஒன்று போக மற்றொன்று வரும். ஆயின் அவற்றின் செயல்முறை பெரிதும் ஒன்றே என்பதால் ஒன்றை அறிதல் ஏனையவற்றை அறிதலுமாகும்.

அதன்படி, கணக்கெடுப்புக்கென ஒரு பணிக்கணினி ஒதுக்கப்படும். எண்ணப்படவேண்டிய சேவையகங்களின் முகவரிகளும் அவற்றுட் புகுவதற்கான அனுமதிச் சான்றுகளும் அதற்கு வழங்கப்படும். லினக்ஸ் சேவையகங்களுக்கு எஸ்.எஸ்.எச். வழியாகவும் விண்டோஸ் சேவையகங்களுக்கு வின் ஆர்.எம். வழியாகவும் அது தொடர்பு கொள்ளும். எஸ்.எஸ்.எச். என்பது 1995இல் பின்லாந்தில் தத்து யுலோனென் உருவாக்கிய, மறைகுறியிடப்பட்ட தொடர்பு முறையாகும். உட்புகுந்தபின் பணிக்கணினி அங்கு இயங்கும் செயன்முறைகளை வாசித்து, தனக்குப் பொருத்தமான ஒவ்வொரு பிரயோகத்துக்கும் ஓர் அடையாளக் குறியினை இட்டு, அதன் வகை, செயன்முறை எண், அதனை எழுப்பிய கட்டளை முதலியவற்றை ஒரு பட்டியற் கோப்பில் எழுதும். அடுத்த கட்டத்தில், தெரிந்தெடுத்த பிரயோகமொன்றின் கோப்புகள், துறைகள், சார்புகள் ஆகியன ஆராயப்படும். அதன்பின்னரே அப்பிரயோகம் பிரித்தெடுக்கப்பட்டுக் கொள்கலனாகக் கட்டப்படும்.

கருவி எதுவாயினும், கருவியே இன்றிக் கையால் மேற்கொள்ளப்படினும், நல்ல கணக்கெடுப்பு நான்கு படைகளை வாசித்தல் வேண்டும். முதலாவது, நிறுவப்பட்ட பொதிகளின் பட்டியல். இது முறைமையாலேயே பேணப்படுவது, எளிதிற் பெறத்தக்கது. ஆயின் கையாற் பிரதிசெய்து வைக்கப்பட்ட மென்பொருள் இதில் இடம்பெறாது. இரண்டாவது, இயங்கிக் கொண்டிருக்கும் செயன்முறைகள். நிறுவப்பட்டவை யாவும் பயன்படுவன அல்ல. பயன்படுவன யாவும் முறையாக நிறுவப்பட்டவையுமல்ல. மூன்றாவது, தொடர்புகள். எந்தத் துறையிற் செவிமடுத்திருக்கின்றது, எந்தத் தரவுத்தளத்தை நாடுகின்றது, எவ்வேறு கணினியின் கோப்புகளைத் தன்னுடையவைபோற் பயன்படுத்துகின்றது என்பன இதில் அடங்கும். நான்காவது, காலக்குறிப்புகள். நள்ளிரவில், வார முடிவில், மாத முடிவிற் தாமே எழுந்து வேலை செய்து மீண்டும் உறங்குவன இவை.

4

இந்நான்கினையும் வாசித்துப் பெற்ற பட்டியல் முழுமையானதா? இல்லை என்பதே நமது விடை. அதன் குறைபாடுகள் தற்செயலானவையல்ல. எண்ணும் முறையிலேயே அவை வேரூன்றியவை.

முதலாவதாக, காட்சி காண்பவரின் நிலையினாற் தீர்மானிக்கப்படுகின்றது. லினக்ஸ் முறைமையிற் சாதாரணப் பயனர் ஒருவர் பிறருடைய செயன்முறைகள் இயங்குவதைப் பொதுவாகக் காணலாம். ஆயின் அச்செயன்முறைகளின் சூழல் மாறிகளையோ அவை திறந்து வைத்திருக்கும் கோப்புகளையோ அவராற் காண இயலாது. முழு அதிகாரம் படைத்தவருக்கே அவை புலப்படும். ஆகவே ஒரே சேவையகத்தை இருவேறு அதிகார நிலைகளில் நின்று கணக்கெடுத்தால் இருவேறு பட்டியல்கள் கிடைக்கும். மறுதலையாக, எல்லாச் சேவையகங்களுக்கும் முழு அதிகாரத்தையும் ஒரே பணிக்கணினியிற் குவித்தால், அதனைக் கைப்பற்றுபவர் அனைத்தையும் கைப்பற்றியவராவர். அறியும் ஆற்றலும் ஆளும் ஆற்றலும் இங்கு பிரிக்கவொண்ணாது பிணைந்துள்ளன.

இரண்டாவதாக, பட்டியல் ஒரு கணத்தின் படம். பிரயோகமோ காலத்தில் வாழ்வது. ஆண்டிறுதியில் மட்டும் இயங்கும் கணக்கு முடிப்பு நிரல் வைகாசியில் எடுக்கப்படும் கணக்கெடுப்பிற் செயன்முறையாகத் தோன்றாது. ஒரு மாத முடிவையேனும் உள்ளடக்கிய காலப்பகுதிக்கு அவதானித்தால் இக்குறை ஓரளவு நீங்கும். முற்றாக நீங்காது.

மூன்றாவது குறைபாடே மிக ஆழமானது. அதனை நாம் அறிந்த கல்வி நிறுவனமொன்றில் நிகழ்ந்ததைக் கொண்டு விளக்குதல் நலம். அங்கு தமிழ் நூல்களின் பட்டியலைப் பேணும் ஜாவாப் பிரயோகமொன்று பழைய சேவையகத்திற் பல்லாண்டுகள் இயங்கி வந்தது. பகலிற் பதியப்படும் புதிய நூல்களின் விபரங்களை அது இரவில் ஒரு கோப்பாக எழுதித் தரவுத்தளத்திற் சேர்க்கும். தொலைநிலைக் கணக்கெடுப்பு முறைப்படி நடந்தது. பிரயோகம், அதன் இயக்கச் சூழல், தரவுத்தளம், இரவுநேர நிரல் யாவும் பட்டியலில் இருந்தன. கொள்கலனாக்கமும் இடரின்றி முடிந்தது. பரிசோதித்தோர் பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்தனர். தமிழ் எழுத்துகள் செவ்வையாகத் தோன்றின. வேலை நிறைவேறியதெனக் கையொப்பமிடப்பட்டது.

சில வாரங்களின் பின்னர், புதிய நூல்களின் தலைப்புகள் வெறும் கேள்விக்குறிகளாக இருப்பதை வாசகரொருவர் கண்டார். காரணம் இதுதான். ஜாவாவின் பழைய பதிப்புகள், எழுத்துகளை எக்குறியீட்டு முறையிற் கோப்பில் எழுதுவது என வெளிப்படையாகச் சொல்லப்படாவிடின், பணிசெயல் முறைமையின் மொழி அமைவினைப் பார்த்து அதன்படி நடக்கும். 2022இல் வெளியான பதினெட்டாம் பதிப்பே யூ.ரி.எவ். 8 முறையைப் பொதுவிதியாக்கியது. பழைய சேவையகத்திற் பிரயோகத்தை எழுப்பும் நிரலில் மொழி அமைவைக் குறிக்கும் ஒரு வரி இருந்தது. கொள்கலனில் அவ்வரி இல்லை. மொழி அமைவு கூறப்படாத கொள்கலனில் முறைமை ஆங்கில எழுத்துகளை மட்டும் அறிந்த ஆதி நிலைக்குத் திரும்பிவிடும். தான் அறியாத ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக ஜாவா ஒரு கேள்விக்குறியை எழுதிச் செல்லும். ‘நூல்’ என்ற சொல் ந, ஊகாரக் குறி, ல, புள்ளி என நான்கு குறியீடுகளால் ஆனது. அது நான்கு கேள்விக்குறிகளாயிற்று. எழுத்துருக் கோளாறாயின் பின்னர் திருத்திக்கொள்ளலாம். இங்கோ எழுத்துகளே எழுதப்படவில்லை. எஞ்சியது அவற்றின் எண்ணிக்கை மட்டுமே.

அவ்வொரு வரி எவ்வாறு அங்கு வந்தது? பல்லாண்டுகளுக்கு முன்னர் இதே கோளாறு நேர்ந்தபோது, தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் இரவிரவாகத் தேடிக் காரணத்தைக் கண்டறிந்து அவ்வரியை எழுதியிருந்தார். கணக்கெடுப்பு நடைபெற்றபோது அவர் ஓய்வு பெற்றிருந்தார். அதே ஊரிற்றான் வசித்தார். அவரை எவரும் வினவவில்லை. கருவி செயன்முறையை எண்ணியது. அதனை எழுப்பிய நிரலினுட் பொதிந்திருந்த ஓர் இரவின் உழைப்பினை எண்ணவில்லை. இழந்த பதிவுகள் இறுதியில் மீட்கப்பட்டன. மீட்டது எக்கருவியுமன்று, நூல்கள் வந்தவுடன் நூலகப் பணியாளர் கையெழுத்திற் பதிந்து வந்த சேர்வுப் பதிவேடே. அதனைப் பார்த்து ஒவ்வொரு தலைப்பையும் மீண்டும் தட்டச்சிட்டவர்களும் அவர்களே.

5

இந்நிகழ்வை ஒருவரின் கவனக்குறைவாகக் கொள்வது எளிது. நாம் அவ்வாறு கொள்ளவில்லை. இயந்திரங்களிற் திரண்டிருப்பது கடந்தகால உழைப்பே என்பதையும், உயிருள்ள உழைப்புத் தொடும்போதே அது மீண்டும் பயன்படு பொருளாகின்றது என்பதையும் 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில் மார்க்ஸ் விளக்கினார். மென்பொருளுக்கு இது இன்னும் நெருக்கமாகப் பொருந்தும். இரும்பு துருப்பிடிக்கும், மென்பொருளின் ஒரு வரி தேய்வதில்லை. ஆயின் அவ்வரி எதற்காக எழுதப்பட்டது என்ற அறிவு தேய்ந்து மறையும். டென்மார்க் நாட்டுக் கணினியியலாளர் பீற்றர் நௌர் 1985இல் எழுதிய கட்டுரையொன்றில், நிரல் என்பது எழுதப்பட்ட வரிகள் மட்டுமன்று, அதனை ஆக்கியோரிடத்தே வாழும் விளக்கமே அதன் உயிர் என வாதிட்டார். அவ்விளக்கத்தை உடையோர் கலைந்து போகும்போது நிரல் இயங்கிக்கொண்டிருப்பினும் இறந்ததாகிவிடும் என்பது அவரது முடிபு. நௌர் மார்க்சியவாதியாக நின்று இதனைக் கூறவில்லை. எனினும் அவரது அவதானிப்பு, பண்டத்தின் பின்னாலுள்ள மனித உறவுகளைக் காணும் நோக்குடன் இயல்பாகவே இணைகின்றது.

அவ்வாறாயின், அவ்விளக்கத்தை உழைப்பாளரிடமிருந்து கேட்டுப் பதிவு செய்துவிட்டாற் போதுமா? இங்குதான் சிக்கல் தோன்றுகின்றது. 1911இல் வெளிவந்த தமது நூலில் பிரெடெரிக் ரெய்லர், தொழிலாளரிடையே மரபாக வழங்கி வந்த அறிவு முழுவதையும் திரட்டி விதிகளாக்கிக்கொள்வதை முகாமையின் முதற் கடமையாக வகுத்தார். திரட்டப்பட்ட அறிவு முகாமையின் கைக்குச் சென்றதும் தொழிலாளி அதனின்றும் அந்நியமாகின்றான் என்பதை 1974இல் ஹரி பிறேவர்மன் ‘உழைப்பும் ஏகபோக மூலதனமும்’ என்ற நூலில் விரிவாக ஆராய்ந்தார். சேவையகக் கணக்கெடுப்பும் இவ்வரலாற்றுக்கு வெளியே நிற்பதன்று. தாம் அறிந்ததைச் சொன்ன பின்னர் தம் பதவி எஞ்சுமா என்ற ஐயம் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பலருக்கு இருப்பது இயல்பே. அவர்களது மௌனத்தைச் சோம்பலென்றோ பொறாமையென்றோ கொள்வோர் அதன் பொருளாதார அடிப்படையைக் காணத் தவறியவராவர்.

கருவியை வழங்குவோரின் நலனையும் இதனுடன் சேர்த்து நோக்குதல் வேண்டும். நாம் மேலே மாதிரியாகக் கொண்ட கருவிக்குத் தனிக்கட்டணம் அறவிடப்படவில்லை. ஆயின் அது ஆக்கித் தரும் அமைவுகள் அந்நிறுவனத்தின் மேகச் சேவைகளில் இயங்குவதற்கென வகுக்கப்பட்டவை. அங்கு வாடகை உண்டு. கணக்கெடுப்பு இலவசமாவது குடியிருப்புக்கு வாடகை பெறுவதற்காகவே. எனினும் ஒருபக்கச் சார்பான முடிவுக்கு வருதல் தகாது. கொள்கலன் வடிவத்துக்கு 2015 முதல் பொது நியமங்களை வகுக்கும் அமைப்பொன்று இயங்கி வருகின்றது. அவ்வடிவிற் கட்டப்பட்ட பிரயோகத்தை வேறொருவரின் சேவையகத்திலோ நமது சொந்தச் சேவையகத்திலோ இயக்கலாம். தளையாக வருவதே விடுதலைக்கான வாய்ப்பையும் தன்னுட் கொண்டு வரும் முரண்பாடு இங்கும் செயற்படுகின்றது.

இவ்வாறே, ஒரு தனி உத்தியோகத்தரின் தலைக்குள் மட்டும் இருக்கும் அறிவைப் போற்றிப் பேசுவதும் முற்போக்கான நிலைப்பாடாகாது. பிறருக்குக் கற்பியாது மறைத்து வைத்து, வாரிசின்றி அழியவிட்ட வித்தைகளை நமது மரபிலும் நாம் அறிவோம். ஒருவர் ஓய்வு பெற்றதும் ஒரு நூலகமே ஊமையாகும் நிலையை எவரும் விரும்பார். அறிவு பதிவாக வேண்டும், பொதுவாக வேண்டும். வினா அதுவன்று. பதிவாகும் அறிவு, அதனை ஆக்கியோரும் அதனைப் பயன்படுத்துவோரும் பங்குகொள்ளும் பொதுச் சொத்தாகின்றதா, அன்றி அவர்களை அகற்றுவதற்கான கருவியாகின்றதா என்பதே வினா. ஒரே பதிவேடு இவ்விரண்டுமாக இருத்தல் கூடும். எதுவாக இருக்கும் என்பதைப் பதிவேடு தீர்மானிப்பதில்லை.

6

மேற்கூறியவற்றிலிருந்து நடைமுறைக்குரிய சில முடிவுகள் பெறப்படுகின்றன.

தொலைநிலைக் கணக்கெடுப்பு கைவிடத்தக்கதன்று. நூற்றுக்கணக்கான சேவையகங்களை மனிதர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தல் ஆகாத காரியம். மனித நினைவும் தவறக்கூடியது. எவரும் மறந்துபோன பிரயோகங்களைக் கருவியே கண்டுபிடித்துத் தருகின்றது. ஆயின் அதன் பட்டியலை முடிவாகக் கொள்ளாது வினாக்கொத்தாகக் கொள்ளுதல் வேண்டும். பட்டியலிலுள்ள ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று வினாக்களை எழுதலாம்: இதனை ஆக்கிப் பேணியவர் யார்? இதனை நம்பியிருப்பவர் யார்? இது பிழைத்தால் முதலில் அறிபவர் யார்? மூன்றாவது வினாவுக்கு விடை பெரும்பாலும் மேலாளராக இருப்பதில்லை. மேற்குறித்த நிகழ்வில் அது ஒரு வாசகராக இருந்தது.

பணிக்கணினிக்கு வழங்கும் அதிகாரம் வாசித்தற்கு வேண்டிய அளவினதாகவும் வேலை முடிந்ததும் மீளப் பெறப்படுவதாகவும் இருத்தல் வேண்டும். அவதானிப்பு ஒரு மாத முடிவையேனும் கடத்தல் வேண்டும். செயன்முறையின் பெயருடன் அதன் சூழல் மாறிகளையும், அதனை எழுப்பும் நிரலின் ஒவ்வொரு வரியையும் பதிதல் வேண்டும். மொழி அமைவு, நேர வலயம், கோப்புகளின் உரிமையாளர் என அற்பமெனத் தோன்றுவனவே இடம்பெயர்வின்போது முதலில் தொலைவன. தமிழிற் தரவுகளைக் கொண்ட எப்பிரயோகத்தையும், பழைய பதிவை வாசித்துப் பார்த்து நில்லாது, புதிய பதிவொன்றை எழுதி மீள வாசித்தும் பரிசோதித்தல் வேண்டும். ஆங்கிலத்தை இயல்பெனவும் ஏனைய மொழிகளைத் தனியே சொல்லப்படவேண்டியன எனவும் கொள்ளும் வழக்கம் இக்கருவிகளின் அடித்தளத்தில் இன்னும் எஞ்சியிருப்பதால், இப்பொறுப்பு நம்மையே சார்ந்ததாகின்றது.

எல்லாவற்றுக்கும் மேலாக, கணக்கெடுப்பு அச்சேவையகங்களில் உழைத்தவர்களோடு சேர்ந்து நடத்தப்படுதல் வேண்டும். அவர்களது பதவிக்கும் எதிர்காலத்துக்கும் உறுதி கூறப்பட்ட பின்னரே அவர்களிடம் அறிவைக் கேட்கும் தார்மிக உரிமை நிறுவனத்துக்கு உண்டு. ஓய்வு பெற்றோர் அழைக்கப்படுதல் வேண்டும். அவர்களது நேரத்துக்கு ஊதியமும் வழங்கப்படுதல் வேண்டும். இறுதிப் பதிவேட்டின் ஒரு பிரதி, கருவியை வழங்கியோரிடத்தன்றி, அதனைப் பயன்படுத்தும் நூலகத்திலும் அலுவலகத்திலும் இருத்தல் வேண்டும்.

டூம்ஸ்டேப் பதிவேடு இன்றும் இலண்டன் தேசிய ஆவணக் காப்பகத்திற் பேணப்படுகின்றது. அதில் எண்ணப்பட்ட உழவருட் பெரும்பாலோரின் பெயர்கள் அதில் இல்லை. அவர்கள் எண்களாகவே நிற்கின்றனர். நமது காலத்துப் பதிவேடுகளை எழுதுவோர் நாமே ஆதலின், அவ்வரியை எழுதிய உத்தியோகத்தரின் பெயரையும் அதற்கு எதிரே எழுதி வைக்க நமக்குத் தடையேதுமில்லை.